மருமவனே, பாய்ப்பலகைக்குக் கடைக்காரன் என்ன விலை சொன்னான்?

2,420 யூரோவா? ஒத்தப் பலகைக்கா? பாய் இல்ல, பாய்மரம் இல்ல, வெறும் பலகை மட்டும் நம்ம ஊர்க் காசுல ரெண்டு லட்சத்துக்கு மேல வருதுல்லா! சரி, ஆசைப்பட்டுட்டே. வாரம் பூரா ஐண்ட்ஹோவன்ல கம்ப்யூட்டர் முன்னால குந்தி முதுகு வளைஞ்சு கெடக்கு. சனி ஞாயிறு பிரவர்ஸ்டாம் கரையில போயி நின்னா ஊர்க்காரன் எல்லாம் பாயைப் புடிச்சிக்கிட்டுத் தண்ணி மேல பறக்கான். நாமளும் பறக்கணும்னு தோணத்தான் செய்யும், தோணட்டும். ஆனா கடைக்காரன் கொள்ளையடிக்கான்னு எனக்குப் போன் போட்டு ஒப்பாரி வச்சே பாரு, அதுதான் எனக்கு விளங்கல. "செய்யதுக்கு 300 யூரோ கூட ஆவாது மாமா, தாய்லாந்துல செஞ்சு கொண்டாந்து எட்டு மடங்கு வச்சு விக்கான்"ன்னு சொன்னே. எந்தப் புண்ணியவான்டே உனக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் குடுத்தான்? மாமன் ஃபைபர் வள்ளம் செஞ்சவன். ரெசின் நாத்தத்துலயே பொழப்பை ஓட்டுனவன். கணக்கு வேணும்னா என்கிட்ட கேளு.

மொதல்ல பலகையோட வயித்தைக் கிழிச்சுப் பாப்போம். உள்ள இருக்கது தெர்மாகோல். ஆமா, டி.வி. பெட்டிக்குள்ள மெத்தையா வருமே, கல்யாண மேடையில மாப்பிள்ளை பேரு வெட்டி ஒட்டுவானே, அதே சரக்குதான். 120 லிட்டர் பலகைன்னு சொன்னே. அம்புட்டுத் தெர்மாகோலையும் தராசுல வச்சா ரெண்டு கிலோ வந்தா பெருசு. அதைச் சுத்திக் கண்ணாடி நார்த்துணி, அதுக்கு மேல மூணு மில்லிமீட்டர் கனத்துல பி.வி.சி. நுரைத் தகடு, சிலதுல மெல்லிசா மரத்தகடு, பொறவு மறுபடியும் துணி. விலை கூடுன ரகத்துல கார்பன் துணி. எல்லாத்தையும் ஒட்டிப் புடிச்சு நிப்பாட்டுறது எப்பாக்ஸி. நாங்க வள்ளத்துக்கு ஊத்துனது பாலியெஸ்டர் ரெசின். அது வெல கம்மி, ஆனா தெர்மாகோல் மேல பட்டுதுன்னா தெர்மாகோல் கரைஞ்சு குழியாப் போவும். அதனால பலகைக்காரனுக்கு எப்பாக்ஸியை விட்டா வேற கதி இல்ல. கால் நுழைக்க வார், பாய்மரம் மாட்டக் குழி, அடியில சுக்கான் மாதிரி நிக்க ஃபின், அந்த ஃபின்னை மாட்ட ஒரு பெட்டி, கால் வழுக்காம இருக்க மேல ரப்பர் மெத்தை. கூட்டிப் பாத்தா சாமான் செலவு நீ சொன்ன 300க்குப் பக்கத்துலதான் வரும், அதுக்குக் கீழயே வந்தாலும் வரும். அந்த மட்டுக்கு உன் புண்ணியவான் பொய் சொல்லல.

ஆனா சாமானைக் குவிச்சு வச்சிட்டு 'பலகையா மாறு'ன்னா மாறிருமா?

நீ என்ன நெனைக்கே, ஒரு பக்கம் தெர்மாகோலைத் தள்ளுனா மறுபக்கம் பலகை வந்து விழும்னா? மொத மாதிரி வடிவத்தை மெஷின்ல செதுக்குவானுவ, அது சரி. அதுக்குப் பொறவு கைதான். துணியை வெட்டணும், அச்சுல விரிக்கணும், எப்பாக்ஸி கூடாமலும் கொறையாமலும் தேய்க்கணும். கூடுனா பலகை கனத்துரும், கொறைஞ்சா ஒட்டாது. மேல பிளாஸ்டிக்கை மூடிக் காத்தை உறிஞ்சி எடுக்கணும், சூடு காட்டிக் காய வைக்கணும். இம்புட்டும் செஞ்ச பொறவு அச்சுல இருந்து வெளிய வாரது ஒரு அவலட்சணம். அதோட விளிம்பைச் சீவி, தேய்ச்சு, பூசி, மறுபடி தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு, படம் ஒட்டி, வழுக்காத மணல் பூச்சு போட்டு, துளைச்சுப் பெட்டி எறக்கி... ஃபைபர் தூசு தோல்ல ஏறுனா எப்படி அரிக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு பலகை எத்தனை கை மாறி வருதுன்னு எண்ணுனா, ரெண்டு கையால தட்டச்சு பண்ணுத உனக்கு மயக்கம் வரும்.

இந்தக் கையெல்லாம் எங்க இருக்கு? பாங்காக்குக்குத் தென்கிழக்க, சோன்புரியில, கோப்ரான்னு ஒரு தொழிற்சாலை. வரபாந் சோதிகபானிச்னு ஒரு தாய்லாந்துக்காரர். அவருக்கே பாய்ப்பலகைக் கிறுக்கு. 1978ல தனக்குன்னு பலகை செய்ய ஆரம்பிச்சவர், இன்னைக்கு உலகத்துல விக்க பாய்ப்பலகையில பெரும்பங்கு அவர் தொழிற்சாலையில இருந்துதான் வருது. ஒருத்தன் பிராண்டு ஒருத்தனுக்கு ஆவாதுன்னு கரையில சண்டை போடுதீங்களே, அந்தப் பிராண்டுல பாதிக்கு மேல ஒரே கூரைக்குக் கீழ பக்கத்துப் பக்கத்து அச்சுல பொறந்ததுதான். 'என் பலகை ஜெர்மன் பலகை'ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒருத்தன் வருவான். அடிப்பக்கம் திருப்பிப் பாக்கச் சொல்லு. அப்படின்னா எல்லாம் ஒண்ணுதானான்னு கேப்பே. அதுவும் இல்ல. வடிவம் அந்தந்தப் பிராண்டுக்காரன் கொண்டு வாரது, எந்தத் துணி, எத்தனை அடுக்குன்னு சொல்லுதது அவன்தான். கை ஒண்ணுன்னா கை வேலையில பெருசா வித்தியாசம் பாக்காதேன்னு சொல்லுதேன், அம்புட்டுதான்.

இன்னொரு எடமும் சொல்லுதேன், நமக்கு எதிர்க்கரை. மாவி தீவுல இருக்க, பாய் செஞ்சு விக்க எஸ்ஸிங்கதவர் தன் பாயை எல்லாம் இலங்கையில சொந்தத் தொழிற்சாலை வச்சு அங்கதான் தைக்காரு. ஹவாயில பறக்க பாய்க்கு இலங்கைக்காரி கையால தையல்.

இப்ப அச்சுக் கணக்கு. இங்கதான் உன் புண்ணியவான் சறுக்குனான். ஒவ்வொரு வடிவத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி அச்சு வேணும். அலைக்கு ஒண்ணு, ஓட்டப் பந்தயத்துக்கு ஒண்ணு, சும்மா உலாத்த ஒண்ணு, அதுலயும் 100 லிட்டர், 110, 120, 135. சும்மா பேச்சுக்கு ஒரு வடிவத்தை வரைஞ்சு, ஓட்டிப் பாத்து, அச்சு எடுத்து முடிக்க 10,000 யூரோ ஆச்சுன்னு வையி. அதுல 2,000 பலகை எடுத்தா ஒண்ணுக்கு 5 யூரோ. 200தான் போச்சுன்னா 50. பாய்ப்பலகைக்காரனுக்கு இன்னைக்கு ரெண்டாவது கணக்குதான் வாய்க்குது.

முன்னால அப்படி இல்ல. கலிபோர்னியாவுல ஹாயில் ஸ்வைட்சர், ஜிம் டிரேக்னு ரெண்டு பேரு. டிரேக் ஆகாய விமானப் பொறியாளர், ஸ்வைட்சர் உன்னைப் போலக் கம்ப்யூட்டர்காரரு. 1968ல பாய்ப்பலகைக்குக் காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டாங்க. 1973ல டிரேக் தன் பங்கை 36,000 டாலருக்கு ஸ்வைட்சர் கையில குடுத்துட்டு ஒதுங்கிட்டாரு. அதுக்குப் பொறவுதான் ஐரோப்பாவுல இந்தக் கிறுக்கு தலைக்கேறுச்சு. உங்க ஹாலந்துல டென் காட்டேன்னு துணி நெய்யுத கம்பெனி உரிமம் வாங்கிப் பலகை போட ஆரம்பிச்சு அள்ளி அள்ளி வித்துது. 1984ல லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல இந்த ஆட்டத்தை மொத தடவை சேத்தப்ப தங்கம் வாங்குனதும் உங்க ஊர்க்காரரு, ஸ்டீபன் வான் டென் பெர்க். அந்தக் காலத்துப் பலகை பாலித்தீன் பலகை. அச்சுல ஊதி எடுத்து வண்டி வண்டியா அனுப்புனானுவ. பேனா விக்க பிக் கம்பெனி கூடப் பலகை போட்டுது.

காப்புரிமைக் கதையும் கேளு, அதுவும் விலையைச் சேந்ததுதான். உரிமம் வாங்குனவன் எல்லாம் பலகைக்கு இவ்வளவுன்னு ஸ்வைட்சருக்குக் கப்பம் கட்டணும். கட்ட மாட்டேன்னு சொன்ன டாபர் மரைன் கம்பெனி மேல இங்கிலாந்துல வழக்கு போச்சு. 1985ல தீர்ப்பு. பீட்டர் சில்வர்ஸ்னு ஒரு பய, 1958ல, பன்னெண்டு வயசுல, ஹேலிங் தீவுல தனக்குத்தானே பலகையில பாய் கட்டி ஓட்டியிருக்கான்; நியூமன் டார்பிங்கதவரு 1965லயே பத்திரிகையில இதைப் பத்தி எழுதிட்டாரு; பொறவு என்ன புதுசுன்னு கேட்டுக் காப்புரிமையைத் தூக்கிப் போட்டுட்டாங்க. சின்னப்பய வெளையாட்டா செஞ்சது பெரிய மனுசன் கப்பத்தைத் தின்னுட்டு. ஆனா கப்பம் போயி நீ சந்தோசப்படதுக்குள்ள கூட்டமும் போயிட்டு. ஆட்டம் கஷ்டமாச்சு, பலகை சின்னதாச்சு, ஆளு காத்தாடி கட்டிப் பறக்கப் போயிட்டான். மிச்சம் இருக்க கொஞ்சம் பேருக்காக இத்தனை வடிவம். அதுக்கான காசையும் அந்தக் கொஞ்சம் பேருதான் குடுக்கணும்.

அடுத்தது, 'கப்பல் கூலி மாமா'ன்னு இழுத்தே. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு நீ நெனைச்சுக்கிட்டே. கணக்கைப் பாரு. 40 அடி கன்டெய்னர்ல பெட்டி கட்டுன பலகை 200 கிட்டக் கொள்ளும். கொரோனாவுக்கு முன்னால ஆசியாவுல இருந்து ரோட்டர்டாமுக்கு ஒரு கன்டெய்னர் 2,000 டாலர் சுமாருக்கு வந்துது. பலகைக்குப் பத்து டாலர். 2021ல கூலி 14,000 டாலருக்கு மேல எகிறுச்சு, அப்பவும் பலகைக்கு எழுபது. கடல்ல பத்தாயிரம் மைல் வாரதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. ரோட்டர்டாம்ல இருந்து உன் வீட்டுக்கு வாரதுதான் செலவு. ரெண்டரை மீட்டர் நீளத்துப் பெட்டியைக் கூரியர்காரன் பாத்த ஒடனே மூஞ்சைத் திருப்புவான், தனிக் கூலி கேப்பான், மூக்குல இடிச்சுக் கொண்டாருவான். அதுக்கு ஒரு புகாரு, ஒரு மாத்துப் பலகை. அந்தச் செலவும் விலையிலதான் ஒளிஞ்சு கெடக்கு.

இப்ப உன் 2,420ஐப் பிரிப்போம். கம்பெனிக்காரன் எவனும் கணக்குப் புத்தகத்தை என்கிட்டக் காட்டல. இது மாமன் போடுத குத்துமதிப்பு, ஆனா வரி மட்டும் நெசம். உங்க ஊர்ல விற்பனை வரி நூத்துக்கு 21. அப்ப 420 யூரோ சர்க்காருக்கு. தொட்டுப் பாக்காம, தேய்க்காம, தூசி படாம 420! கொள்ளைன்னு கத்தணும்னா அங்க போயிக் கத்து. மிச்சம் 2,000. அதுல கடைக்காரன் நூத்துக்கு 35 எடுக்கான்னு வையி, 700. பாக்கி 1,300 பிராண்டுக்காரனுக்கும் நடுவுல இருக்க எறக்குமதிக்காரனுக்கும். தொழிற்சாலைக்கு 600 போச்சுன்னா, மிச்சம் 700ல வடிவம் வரையிறவன், ஓட்டிப் பாக்கவன், போட்டிக்குப் போற வீரன், அவன் பறக்க படத்தை எடுக்கவன், கிட்டங்கி, வாரண்டி, எறக்குமதிக்காரன் லாபம் எல்லாம் நடக்கணும். நீ பலகை வாங்கணும்னு ஆசைப்பட்டதே அந்தப் படத்தைப் பாத்துத்தான? அப்ப அந்தப் படத்துக்குக் காசு குடுக்கதுல என்ன வலிக்குது?

கடைக்காரனோட 700க்கு வா. அதைத்தான நீ லாபம்னு சொல்லுதே. சீசன் தொடங்குததுக்கு மாசக்கணக்குல முன்னாலயே அவன் சரக்குக்கு வாக்குக் குடுத்திருக்கணும். 110 ஓடுமா, 120 ஓடுமான்னு காத்தடிக்காத காலத்துலயே சோசியம் பாக்கணும். தப்பாப் போனா பலகை சுவத்துல சாஞ்சு கெடக்கும். நீ போயி, 'அண்ணே, 30 சதவீதம் தள்ளுபடி குடுங்க'ன்னு கேக்கே. 2,420ல 30 போனா 1,694. அதுல வரி போக 1,400. அவன் வாங்குனது 1,300. கையில நிக்கது 100 யூரோ. அதுலதான் கடை வாடகை, கரண்டு, உனக்கு அரை நாள் நின்னு வெளக்கம் சொன்ன பயலுக்குச் சம்பளம். 35 சதவீதம் கேட்டேன்னா, அவன் உனக்குத் தானமா எடுத்து நீட்டுதான்னு அர்த்தம். வருசக் கடைசியில பிராண்டுக்காரனும் கொஞ்சம் எறங்கி வருவான், அதனாலதான் அந்த விலைக்கு அவனால குடுக்க முடியுது.

தள்ளுபடி ஏன் வருதுன்னு தெரியுமா? நம்ம ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரிதான். புதுச் சரக்குக்கு எடம் வேணும். வருசா வருசம் புது மாடல் விடணும்னு பிராண்டுக்காரனுவ தங்களுக்குத் தாங்களே ஒரு நேர்த்திக்கடன் வச்சிருக்கானுவ. சில வருசம் வடிவம் நெசமாவே மாறும். பல வருசம் அச்சு அதே அச்சு, கோடு மட்டும் சிவப்புல இருந்து பச்சைக்கு மாறும். சிவப்புக் கோடு போட்டது ஒரே ராத்திரியில பழசாயிரும், நூத்துக்கு முப்பது கொறைஞ்சிரும். தண்ணிக்கு உன் கோட்டோட கலரு தெரியாது மருமவனே. தண்ணி பாக்கது அடிப்பக்கம்.

அதனால மொத யோசனை இது: இந்த வருசப் பலகையைத் தொடாதே. இலையுதிர் காலம் வரட்டும். போன மாடல் கடையில மூலையில நிக்கும். 'வடிவம் மாறிருக்கா, படம் மாத்திரம் மாறிருக்கா?'ன்னு கடைக்காரன்கிட்ட நேராவே கேளு. கண்ணைப் பாத்துக் கேட்டா உண்மையைச் சொல்லிருவான்.

ரெண்டாவது, ரகம். ஒரே வடிவம், ஒரே அளவு, மூணு வெலயில இருக்கும். கண்ணாடி நார் ஒண்ணு, மரத்தகடு ஒண்ணு, கார்பன் ஒண்ணு. மேல ஏற ஏற நூத்துக்கணக்குல யூரோ கூடும், கனம் அரைக் கிலோ, ஒரு கிலோ கொறையும். பந்தயம் ஓடுதவனுக்கு அது வேணும். நீ போன கிறிஸ்மஸுக்கு அனுப்புன போட்டோவைப் பாத்தேன், சட்டைப் பித்தான் ரெண்டும் உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கு. அரைக் கிலோ கொறைக்கணும்னா அதைப் பலகையில கொறைப்பானேன்? அத்தை அனுப்புத முறுக்கை நிப்பாட்டச் சொல்லுதேன், காசும் மிச்சம், பார்சல் கூலியும் மிச்சம். கத்துக்குட்டி கார்பன் பலகை வாங்குனா இன்னொரு கூத்து நடக்கும். காத்துல மல்லாக்கத் தூக்கி எறிஞ்சு, பாய்மரம் பலகை மூக்குல 'ணங்'னு விழும். கெட்டியான பலகை ஒரு வடுவோட பொழைச்சிரும். மெல்லிசுப் பலகை வாயைப் பொளந்துரும்.

இல்ல, வருசா வருசம் பழசாவாத பலகைதான் வேணும்னா அதுவும் இருக்கு. அந்தப் பழைய கலிபோர்னியாப் பலகையைப் புதுசா வார்த்து, விண்ட்சர்ஃபர் எல்.டி.ன்னு போட்டிருக்கானுவ. நீளமா, 15 கிலோ கனத்துல. பெருசாப் பறக்காது, உலாத்தும். எல்லாருக்கும் ஒரே வடிவம், மாத்தக் கூடாதுன்னே விதி. மாத்தாததால வித்தாலும் நல்ல வெல போவும். ஆனா உனக்கு அது புடிக்காது, அதுல படம் எடுத்தா மாப்பிள்ளை தோரணை வராது.

மூணாவது, பழைய பலகை. உங்க ஊர்ல மார்க்ட்பிளாட்ஸ்னு பழசு விக்க வெப்சைட் ஒண்ணு இருக்காம்லா, அதுல ரெண்டு மூணு வருசம் ஓடுனது பாதி வெலைக்குக் கூடக் கெடைக்கும். அதுக்கு மாமன் வித்தையைச் சொல்லுதேன், காசு வேண்டாம். வெரல் கணுவால பலகை பூரா தட்டிக்கிட்டே வா. 'டக் டக்'னு ஒரே சத்தம் வந்தா நல்லது. ஒரு எடத்துல மட்டும் 'தொப்'புன்னு கேட்டா அங்க தோலு தனி, தெர்மாகோல் தனின்னு பிரிஞ்சிட்டுன்னு அர்த்தம். வள்ளத்துக்கும் இதே சோதனைதான். குதிகால் நிக்க எடத்தைக் கட்டை வெரலால அமுக்கு, அமுங்குனா வேண்டாம். மூக்குல புதுப் பெயின்ட் பளபளத்தா அடிபட்ட கதையைக் கேளு. ஃபின் பெட்டியைச் சுத்தி வெடிப்பு ஓடுதான்னு பாரு. காத்து போக வர ஒரு சின்ன திருகாணி இருக்கும், அதைக் கழத்தி மோந்து பாரு, பாசி நாத்தம் அடிச்சா உள்ள தண்ணி. குளியலறைத் தராசைக் கையோட கொண்டு போ. கம்பெனி சொன்ன கனத்தைவிட ரெண்டு கிலோ கூட இருந்தா, அந்த ரெண்டு கிலோ வட கடல் தண்ணிக்கும் சேத்து நீ காசு குடுக்கே.

கடைசியா ஒண்ணு. கடைக்குப் போயி நாலு பலகையை ஓட்டிப் பாத்து, அவன் வாயால எல்லாத்தையும் கத்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல 40 யூரோ கொறைச்சு எவன்கிட்டயோ வாங்காதே. அந்தக் கடை மூடுனா ஃபின் பெட்டி வெடிக்கப்ப நீ சோன்புரிக்கா போவே? போன மாடல், நடு ரகம், அந்தக் கடைக்காரன்கிட்டயே வாங்கு. அந்த 30 சதவீதத்தை அவனா குடுத்தா வாங்கிக்க, கழுத்தைப் புடிக்காதே. மிச்சப்படுத காசை வெட்சூட்ல போடு, உங்க ஊர்த் தண்ணி குளிரு எலும்பைத் தின்னும். பலகை பழசா வாங்கலாம், பாயும் பழசா வாங்கலாம், வெட்சூட் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். அம்புட்டுக் குளிர்ல, அதுக்குள்ள எவன் சூட்டுக்கு என்ன செஞ்சிருப்பான்னு நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?